ஆயா வாயில் நுழையாத ஸ்டான்லி

எங்கள் ஆயாவுக்கு வடசென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பெயர் கடைசிவரை வாயில் நுழையவே இல்லை. டேசன், லாஞ்சி, பிரிஜ்ஜி எல்லாம் சரளமாக வரும். இது மட்டும் வராது. எனக்கு நாலு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், "கஞ்சித்தொட்டிக்கு இட்டுனு போயி ஒரு ஊசி போட்டுனு வாடா" என்று அப்பாவிடம் சொல்வாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "ஸ்டான்லிம்மா, ஸ்டான்லி" என்பார். "ரெண்டுக்கும் ஒரே கேட்டுதானடா?" என்பாள் ஆயா.

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் பல வருஷம் நடந்தது. ராயபுரம் கல்மண்டபத்தில் ஒற்றை அறை வீடு. ஆயாவுக்கு மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடை, அப்பாவுக்கு வியாசர்பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. அப்பா ஏன் ஒரு பெயருக்காக இவ்வளவு மெனக்கெட்டார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவர் படித்த பள்ளிக்கூடத்தில், "எங்கடா வீடு? கஞ்சித்தொட்டியாண்டயா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். கஞ்சிக்குக் கை நீட்டும் கூட்டம் என்று அர்த்தம். அதனால் அவருக்கு அது ஸ்டான்லிதான். கவர்னர் பெயர் வைத்த ஆஸ்பத்திரி.

ஆயா பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அவள் பிறந்தது ஏறக்குறைய 1915. அவள் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தபோது அங்கே ஸ்டான்லி என்று எதுவுமே கிடையாது. பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு அவள் அடம்பிடிக்கவில்லை. புதுப் பெயர்தான் அவள் கண்ணெதிரே வந்து ஒட்டிக்கொண்டது.

மெட்ராஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இன்னமும் பலருக்குக் கோஷா ஆஸ்பத்திரிதான். 1885-ல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர், ஆண் டாக்டரிடம் வரமாட்டாத கோஷாப் பெண்களுக்காகத் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் என்று தனியாகச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம், விளக்க வேண்டியதில்லை. நான் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அந்த நாலு எழுத்துக்குள் ராஜா சர் ராமசாமி முதலியார் ஒளிந்திருக்கிறார் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே சத்திரம் கட்டிய அதே சவளை ராமசாமி முதலியார்.

சரி, கஞ்சித்தொட்டிக்கு வருகிறேன்.

1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை மலைக் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அடிவாங்கியது. ஆனால் படையோடு படை மோதியதைவிட ஊர்க்காரர்களை வாட்டியது வேறு. கோட்டையைச் சுற்றியிருந்த கிராமங்கள் எரிந்தன, மாடுகள் போயின, விதைக்க ஆள் இல்லை. உழுது தின்றவர்கள் மூட்டை முடிச்சோடு மெட்ராஸை நோக்கி நடந்தார்கள். இவ்வளவு பேருக்கு அரிசி ஏது? தரைவழி அடைபட்டதால் கடல்வழியாக வரவேண்டும். 1782 அக்டோபரில் அடித்த புயலில், கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்கள் பல, ஏற்றி வந்த அரிசியோடு உடைந்துபோயின. அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. திறந்த கடலில்தான் கப்பல் நிற்கும், மசூலாப் படகில்தான் சரக்கு இறங்கும்.

அந்த 1782-ல்தான் ஊரின் வடக்கு ஓரத்தில் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் தொடங்கினார்கள். ஏன் அந்த இடம் என்று புரிந்துகொள்ள, இன்றைக்கு ஸ்டான்லி வாசலில் ஓடும் ஓல்ட் ஜெயில் ரோட்டில் ஒரு தடவை நடந்தாலே போதும். அந்தச் சாலையில் மாடிப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் அதன் மேலே ஏறி விளையாடியிருக்கிறோம். தரையில் போடவேண்டிய பூங்காவை ஏன் மாடியில் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அது பூங்கா இல்லை, கோட்டை மதில். 1760களில் ஹைதர் அலி முதல் தடவை மெட்ராஸ் வாசல் வரை வந்து பயமுறுத்திவிட்டுப் போன பிறகு, கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் எழுப்பிய மதில். கட்டிய காண்டிராக்டர் பால் பென்ஃபீல்ட். மதிலுக்கு ஆன செலவை உள்ளே குடியிருப்பவர்கள் தலையில் வரியாகப் போடலாம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பின் மிச்சம்தான் வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு. இந்தத் துண்டைத் தவிர மதில் போய்விட்டது, வரியும் வரவில்லை, பெயர் மட்டும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பசியோடு நடந்து வந்தவர்கள் மதில் ஓரத்தில் ஒதுங்கினார்கள். அங்கேயே கஞ்சி காய்ச்சினார்கள். சத்திரத்தை மேற்பார்த்தவர் மணியக்காரர். வெள்ளைக்காரன் வாயில் அது மோனேகர் ஆயிற்று. மோனேகர் சௌல்ட்ரி என்று ரெக்கார்டில் ஏறிவிட்டது. வரலாறு எழுதுகிறவர்கள் அந்த மோனேகரையே மறுபடி தமிழில் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். நம்ம ஊர் மணியக்காரர் கப்பலேறிப் போய்த் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்த மாதிரி. ஜனங்கள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. கஞ்சி ஊற்றும் தொட்டியை வைத்துப் பெயர் சொல்லிவிட்டார்கள்.

பசியில் வந்தவர்களுக்கு நோயும் கூடவே வந்தது. கஞ்சி ஊற்றினால் மட்டும் போதாது என்பது யாருக்கும் தெரியும். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் ஊர் ஜனங்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். நேட்டிவ் இன்ஃபர்மரி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சத்திரத்தோடு சேர்ந்தது. தொழுநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கம்தான் இருந்தது. 1920களில்தான் அதைச் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணிக்குக் கொண்டுபோனார்கள். ஆக, சோற்றுக்கு இல்லாதவர், சுகமில்லாதவர், வீட்டில் சேர்க்காதவர் என்று எல்லோரும் மதிலுக்கு வடக்கே. ஊருக்குள் யாரெல்லாம் இருக்கக்கூடாது என்று நினைத்தார்களோ அவர்களுக்கான இடம். அப்பாவின் கூச்சம் ஒன்றும் காற்றிலிருந்து வந்ததில்லை.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். இந்த ஆஸ்பத்திரியின் வரலாறு என்று தேடினால், 1836-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே மருத்துவப் படிப்பு தொடங்கியது, 1903-ல் கிழக்கிந்தியக் கம்பெனி உதவியோடு இன்னொரு படிப்பு வந்தது என்று பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1857-ல். கம்பெனிக்கு 1858-ல் ஆட்சி போய், 1874-ல் கடையையே மூடிவிட்டார்கள். செத்து 29 வருஷம் ஆன கம்பெனி எப்படி உதவும்? யாரோ ஒருவர் எழுதியதை எல்லோரும் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இதற்கு எங்கள் ஆயா சொன்ன வரலாறே தேவலை.

ஆயா சொன்ன வரலாறு இது. அவளுடைய ஆயா செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்தவள். தாது வருஷப் பஞ்சத்தில் பத்துப் பதினைந்து பேராகக் கிளம்பி மெட்ராஸுக்கு நடந்தார்கள். வந்து சேர்ந்தது நாலு பேர். அவளுக்குக் கஞ்சி கிடைத்த இடம் என்று ஆயா கையைக் காட்டியது இந்த ஆஸ்பத்திரிப் பக்கம்தான். அப்புறம் அவள் ஊர் திரும்பவில்லை. கடல் இருக்கும் ஊரில் பட்டினி கிடக்க மாட்டோம் என்று ராயபுரத்திலேயே தங்கிவிட்டாள். "அந்தக் கஞ்சியில பொழச்ச வயிறுடா நம்மளுது. இதுல இன்னாடா வெக்கம்?" என்று ஆயா அப்பாவைக் கேட்பாள். அப்பாவிடம் பதில் இருக்காது. பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

தாது வருஷம் என்றால் 1876. பஞ்சம் 1878 வரை போனது. அப்போது நடந்த ஒரு தகராறு எனக்கு மிகவும் பிடித்தது. பஞ்ச நிவாரண வேலைக்கு வருகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற பெரிய அதிகாரி கணக்குப் போட்டார். கல் சுமக்கிறவனுக்கு அது போதாது, ஆட்கள் தேய்ந்து சாகிறார்கள் என்று எதிர்த்து நின்றவர் மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார அதிகாரி, டாக்டர் கார்னிஷ். அளவு சோற்றைப் பற்றி அரசாங்கத்தோடு ஒரு டாக்டர் மல்லுக்கு நிற்கிறார். மருந்தைப் பற்றி இல்லை, சோற்றைப் பற்றி.

அதே வட்டாரத்தில் இன்னொன்று. ஸ்டான்லிக்குப் பக்கத்தில் மின்ட் பஸ் ஸ்டாண்டு இருக்கிறதல்லவா, அதற்கு வள்ளலார் நகர் என்று பெயர். ராமலிங்க அடிகள் சிறுவயது முதல் வளர்ந்தது ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில். அங்கிருந்து நடந்தால் கஞ்சித்தொட்டி வந்துவிடும். பிற்பாடு 1867-ல் அவர் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பையன் இந்தப் பக்கம் ஒரு தடவையாவது நடந்து வந்திருக்க மாட்டானா என்று தோன்றும்.

இனி ஸ்டான்லி வரும் கதை. ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி 1929 முதல் 1934 வரை மெட்ராஸ் கவர்னர். ராயபுரத்தில் ஏற்கெனவே இருந்த மருத்துவப் பள்ளியில் 1933-ல் ஐந்து வருஷ டிப்ளமோ படிப்பு வந்தது, அவர் பெயரும் வந்தது. 1938 ஜூலை 2 அன்று பள்ளி கல்லூரியானது. அப்போது மாகாணத்தில் நடந்தது ராஜாஜியின் காங்கிரஸ் ஆட்சி. வெள்ளைக்கார கவர்னர் பெயரை எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, அதற்குப் பின்னால் தெருத்தெருவாகப் பெயர் மாற்றியவர்களுக்கும் தோன்றவில்லை. அவர் பெயர் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. மேட்டூர் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றுதான் பெயர். தஞ்சாவூர் நெல்லுக்குத் தண்ணீரும் அவர் பெயரில், வடசென்னைக்கு ஆஸ்பத்திரியும் அவர் பெயரில். அஞ்சு வருஷம் வந்துவிட்டுப் போன மனிதருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. எனக்கு அந்த ஆஸ்பத்திரி நிஜமாகத் தெரியவந்தது 1983 ஆவணியில்.

அப்பா வேலை செய்த பட்டறையில் தகர டப்பாவுக்கு மூடி அடிப்பார்கள். பவர் பிரஸ் மிஷின். தகரத்தை டையில் வைத்து, கையை எடுத்து, மிதியை மிதிக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஒரு அடிதான் விழ வேண்டும். அன்றைக்கு இரண்டு விழுந்தது. முதல் அடி மூடிக்கு. இரண்டாவது அடி விழும்போது அப்பாவின் வலது கை, அடித்த மூடியை எடுக்க உள்ளே போயிருந்தது. நடுவிரல் மேல் கணுவோடு போய்விட்டது. ஆள்காட்டி விரலில் எலும்பு தப்பித்தது, ஆனால் தோல் மொத்தமாக உரிந்து வந்துவிட்டது. வாழைக்காய்த் தோல் மாதிரி என்று கூட வந்தவர் சொன்னார். அதன் பிறகு பல நாள் எங்கள் வீட்டில் வாழைக்காய் வாங்கவில்லை.

பட்டறைக்காரர்கள் அவரை ஒரு துணியில் கையைச் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்கள். நேராக ஸ்டான்லி. அதற்குக் காரணம் தூரம் மட்டுமில்லை. கை போனால் ஸ்டான்லி என்பது வடசென்னையில் பிரஸ் ஓட்டுகிறவன், லேத் ஓட்டுகிறவன் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1970களின் தொடக்கத்தில் அங்கே கைக்கென்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கியிருந்தார். கைக்குத் தனியாக ஒரு ஆஸ்பத்திரியா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வார்டில் அரைமணி உட்கார்ந்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

எனக்கு அப்போது 14 வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வார்டுக்குப் போய்விடுவேன். பக்கத்துக் கட்டிலில் கரும்புச்சாறு மிஷினில் விரலை விட்ட ஒரு பையன், என் வயதுதான். அவனுக்கு அடுத்து அச்சாபீசில் பேப்பர் வெட்டும் மிஷினில் கை போனவர். எதிர்வரிசையில் காசிமேட்டு ஆள் ஒருவர். லாஞ்சில் வலை இழுக்கும் வின்ச்சில் கயிறு கையைச் சேர்த்துச் சுற்றிவிட்டது. இன்னொருவருக்கு மாவு கிரைண்டர். யாரும் ஊர் பெயர் கேட்டுப் பழகவில்லை, மிஷின் பெயர் கேட்டுத்தான் பழகினார்கள். "பிரஸ்ஸா? எத்தனை டன்?" என்றுதான் அப்பாவிடம் பேச்சே தொடங்கியது.

அப்பாவுக்கு என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எலும்பும் நரம்பும் வெளியே தெரிகிற இடத்தில் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி ஒட்டினால் பிடிக்காது. தோலோடு அதன் கொழுப்பும், ரத்தம் கொண்டுவரும் குழாயும் சேர்ந்து வரவேண்டும். அதனால் அடிவயிற்றுத் தோலை ஒரு மடல் மாதிரி மூன்று பக்கம் அறுத்துத் தூக்கினார்கள். நாலாவது பக்கம் வயிற்றிலேயே ஒட்டியிருந்தது. அந்த மடலை விரலைச் சுற்றித் தைத்துவிட்டார்கள். அதாவது அப்பாவின் வலது கை மூன்று வாரம் அவருடைய வயிற்றோடு தைக்கப்பட்டிருந்தது. அந்த மூன்று வாரத்தில் விரலிலிருந்து புது ரத்தக் குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிடும். அப்புறம் வயிற்றுப் பக்கத்தை அறுத்துக் கையை விடுதலை செய்வார்கள். தூக்கத்தில் கையை இழுத்துவிடக்கூடாது என்று அகலப் பிளாஸ்திரி போட்டு உடம்போடு கட்டியிருந்தார்கள். பையில் கை விட்டுக்கொண்டு யாருக்கோ காத்திருக்கிற ஆள் மாதிரி அப்பா மூன்று வாரம் படுத்திருந்தார்.

ஆயா தினமும் கல்மண்டபத்திலிருந்து தூக்குவாளியோடு நடந்து வருவாள். ஆஸ்பத்திரியில் ரொட்டியும் பாலும் கொடுப்பார்கள், ஆனால் அதெல்லாம் காய்ச்சல்காரனுக்கு என்பது ஆயா கட்சி. தூக்குவாளியில் நொய்க் கஞ்சி. மேலே சின்னத் தட்டில் சுட்ட நெத்திலிக் கருவாடு, ஒரு துண்டு வெங்காயம். வார்டுக்குள் கருவாட்டு வாசம் வந்ததும் காசிமேட்டு ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பாவுக்கு இடது கையில் சாப்பிட வராது. 38 வயது ஆளுக்கு ஆயா ஸ்பூனில் கஞ்சி ஊட்டினாள். முதல் இரண்டு நாள் அவர் என்னை வெளியே போகச் சொன்னார். மூன்றாம் நாள் சொல்லவில்லை.

ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த இளவயது டாக்டர் ஆயாவுக்கு இந்த மடல் சமாசாரத்தைப் பொறுமையாக விளக்கினார். ஆயா முழுக்கக் கேட்டுவிட்டு, "கஞ்சித்தொட்டி கஞ்சித்தொட்டிதான். இங்க எது போனாலும் மொதல்ல வயித்தத்தான் பாக்குறீங்க. கையக்கூட வயித்துலதான் வெச்சித் தெக்கிறீங்க" என்றாள். டாக்டர் சத்தமாகச் சிரித்தார். அப்பாவும் சிரிக்கப்போய், தையல் இழுத்து, "அம்மா" என்று கத்தினார்.

கையைப் பிரித்த பிறகு இன்னும் நாலைந்து மாதம். விறைத்துப்போன விரலுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. கிண்ணத்திலிருந்து பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட வேண்டும். துணி மாட்டும் கிளிப்பை அழுத்த வேண்டும். களிமண்ணைப் பிசைய வேண்டும். வீட்டில் ஆயா களிமண்ணுக்குப் பதில் கோதுமை மாவைக் கொடுத்துவிட்டாள். அந்த ஐந்து மாதம் எங்கள் வீட்டில் ராத்திரி சப்பாத்திதான். அப்பா திரும்பவும் பிரஸ்ஸில் உட்காரவில்லை. துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் டாலி, அதாவது சரக்குக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். பேனாவை அந்த விரலில் முட்டுக்கொடுத்து எழுதுவார், எழுத்து முன்னைவிட அழகாக இருந்தது.

அந்த விரலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வயிற்றுத் தோல் எங்கே போனாலும் வயிற்றுத் தோலாகவேதான் இருக்கும். அப்பாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் தொப்பை விழுந்தபோது அந்த ஆள்காட்டி விரலும் சேர்ந்து பருத்தது. டாக்டரிடம் கேட்டோம். அப்படித்தான் ஆகும், கொழுப்பு சேரும் இடம் அது, வேண்டுமானால் குறைத்துவிடலாம் என்றார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் விரலைத் தூக்கிக் காட்டி, "பாரு, பிரியாணி இங்கயும் போயிருக்குது" என்பார்.

அந்தக் கல்லூரியில் படித்து வெளியே போனவர்கள் எத்தனையோ பேர். எங்கள் பக்கத்து ஜனங்களைக் கேட்டால் அமெரிக்கா போனவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் பெயரைத்தான் சொல்வார்கள். ஸ்டான்லியில் படித்துவிட்டு 1973-ல் இரண்டு ரூபாய் ஃபீஸ் வாங்கத் தொடங்கியவர். பிற்பாடு ஐந்து ரூபாயாக்கினார், அதோடு நிறுத்திக்கொண்டார். 2020 ஆகஸ்டில் அவர் இறந்தபோது கொரோனா காலம், ஆனாலும் தெருவே கூடிவிட்டது என்று என் சித்தப்பா மகன் போனில் அழுதான். அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பார்த்தது அவர்தான்.

2018 பிப்ரவரியில் ஒரு நாள் காலை அப்பா தினத்தந்தியை என் முன்னால் போட்டார். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர், கட்டட வேலை செய்தவர், மின்சாரம் தாக்கி இரண்டு கையும் போனவர். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகளை எடுத்து அவருக்குப் பொருத்தியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல் தடவை, செய்தது ஸ்டான்லி. எலும்பு, தசைநார், நரம்பு, ரத்தக் குழாய் என்று ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து இரண்டு கைக்கும் இணைக்க வேண்டும். அப்பா அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கையை மேசை மேல் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டாணி பொறுக்க உட்டிருப்பாங்க இந்நேரம்" என்று மட்டும் சொன்னார்.

கஞ்சித்தொட்டி என்ற சொல் மட்டும் எங்கும் போய்விடவில்லை. நெசவாளர்களுக்குத் தறி ஓடாத வருஷங்களில் கட்சிக்காரர்கள் கஞ்சித்தொட்டி திறந்தார்கள், செய்தியில் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஆயா ஞாபகம் வரும். பழைய மணியக்காரர் சத்திரமும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஆதரவற்ற முதியோர் இல்லமாக இன்னமும் ஓடுகிறது. ஸ்டான்லி வளாகத்துக்குள் அம்மா உணவகம் வந்தது. தேர்ந்தெடுத்து வைத்தார்களா, தெரியாமல் வைத்தார்களா, கஞ்சி ஊற்றிய இடத்திலேயே மறுபடி அடுப்பு எரிகிறது.

போன மாதம் அப்பாவை பிரஷர் மாத்திரை வாங்க அங்கே கூட்டிப்போனேன். அவருக்கு எண்பது நெருங்குகிறது. ஓ.பி. சீட்டு, வரிசை, மாத்திரை எல்லாம் முடியப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. வெளியே நல்ல ஹோட்டலுக்குப் போகலாம் என்றேன். இங்கேயே சாப்பிடலாம் என்றார். சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். நான் சாம்பார் சாதம் எடுத்தேன். அவர் தயிர் சாதம் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடும் அந்த மேடையில் தட்டை வைத்தார். பாட்டிலைத் திறந்து அதில் தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் போதாது என்று இன்னும் ஊற்றினார். அந்தப் பருத்த விரலைப் போட்டுச் சோற்றை மசித்து மசித்துக் கரைத்தார். பக்கத்தில் நின்ற பெண் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தட்டை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நெத்திலி இருந்திருக்கணும்" என்றார்.